வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்: கப்பல் கட்டும் படிப்பு பற்றி ஒரு பதில்

தூத்துக்குடியிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு வணக்கம். மகள் பிளஸ் டூ தேர்வு எழுதும் முன்பே, தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தை உறுதி செய்துவிடும்படி உறவினர்கள் நெருக்குவதாகவும், அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும், வைக்காதீர்கள் என்பதே என் பதில். இயற்பியலில் முதலிடம் வாங்கி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்து வந்து நோட்டில் குறுக்குவெட்டுப் படம் போடும் பெண்ணை, அவள் ஒருமுறைகூடக் கேட்காத படிப்பில் கடன் வாங்கிச் சேர்ப்பதில் எந்த நியாயமும் இல்லை.

கம்ப்யூட்டர், மருத்துவம் பற்றி உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பலை வடிவமைத்துக் கட்டும் பொறியியல். கப்பலின் இயந்திரங்களை ஓட்டிப் பராமரிக்க மாதக்கணக்கில் கடலில் இருக்க வேண்டிய மரைன் இன்ஜினியரிங் வேறு. இதில் பணியிடம் பெரும்பாலும் கரையில்தான்.

கொச்சி கப்பல் கட்டும் தளத்தைப் பாருங்கள். 262 மீட்டர் நீளமுள்ள ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அங்கே கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் 310 மீட்டர் நீளமும் 13 மீட்டர் ஆழமும் கொண்ட புதிய உலர்துறை, அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைக் கட்டும் பெரிய தொட்டி, அங்கே திறக்கப்பட்டது. அதன்மேல் 600 டன் தூக்கும் கேன்ட்ரி கிரேன், அதாவது துறையின் இருபுறமும் கால் ஊன்றிய பாலம் போன்ற பாரந்தூக்கி, நிற்கிறது. அவ்வளவு பெரிய கிரேன் எதற்கு என்றால், இன்றைய கப்பலை அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு தகடாக வைத்துக் கட்டுவதில்லை. எஃகுத் தகடுகளைத் துரு நீக்கி, கணினி வழி இயங்கும் இயந்திரத்தில் வெட்டி, பட்டறைக்குள்ளேயே பெரிய பெரிய பிளாக்குகளாகப் பற்றவைத்து, குழாய்களையும் கேபிள் தடங்களையும் முடிந்தவரை அங்கேயே பொருத்திய பிறகுதான் துறைக்குள் இறக்குகிறார்கள். பற்றவைத்த இரும்பு ஆறும்போது சில மில்லிமீட்டர் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வரைபடத்தில் சேர்க்காவிட்டால் இரண்டு பிளாக்குகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தா. கப்பலின் முகப்புப் பகுதியில் இரு திசையிலும் வளைய வேண்டிய தகட்டை, கேஸ் டார்ச்சால் கோடு கோடாகச் சூடாக்கி உடனே தண்ணீர் விட்டு வளைக்கும் தொழிலாளியின் கைத்திறனும் அந்தக் கணக்கோடு சேர்ந்தே வேலை செய்கிறது. கணக்கும் படமும் பிடித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையிடம் எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியிலும் பெரிய கப்பல் தளம் இருக்கிறது; 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்காக அங்கே வந்தது. இருந்தாலும், நாட்டில் பெரிய தளங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும், வேலைக்காக ஊர் விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். வடிவமைப்பு நிறுவனங்களும், கப்பல்களைத் தரம் பார்த்துச் சான்றளிக்கும் அமைப்புகளும், கடற்படையின் கட்டுமானப் பிரிவும் இந்தப் பட்டதாரிகளை எடுக்கின்றன.

இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்திலும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தப் பட்டப்படிப்பு உண்டு. மூன்றும் அரசு நிறுவனங்கள், மூன்றிலும் நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. ஆகவே, 'கப்பல் படிப்புக்கு சீட் வாங்கித் தருகிறேன்' என்று லட்சங்களில் பேசும் ஏஜென்ட் யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டாமல், இந்த நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகளை மகளையே பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.