ஏர் ஃபிரையர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதால் எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் கூறிவிட்டார். மழையும் மேகமுமாக இருக்கும் மாலைகளில் பஜ்ஜியும் வடையும் இல்லாமல் எங்களுக்குச் சரிப்படாது. ஏர் ஃபிரையர் வாங்கிவிடலாம் என்கிறாள் மகள். மாலையில் மின்னழுத்தம் குறையும் எங்கள் வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்யுமா? எந்த அளவில், எந்த வகையை வாங்குவது?
வாசகி, கோத்தகிரி

பதில்: பஜ்ஜிக்காக வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். பெயரில் பொரிப்பது இருந்தாலும், உள்ளே இருப்பது மேற்புறத்தில் ஒரு சூடேற்றும் சுருளும் அதன் காற்றைச் சுழற்றி அடிக்கும் ஒரு மின்விசிறியும் கொண்ட சிறிய அடுப்புதான். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும் அமைப்பு இதுவே. இன்று பல நிறுவனங்கள் விற்பதும் இதுவே. கரைத்த கடலை மாவு கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கணத்தில் இறுகிவிடும். காற்றில் அப்படி இறுகாது. வாழைக்காய்த் துண்டிலிருந்து மாவு வழிந்து, கூடையின் துளைகள் வழியாகச் சொட்டி, அடித்தட்டில் தோசையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உளுந்து வடைக்கும் இதே கதிதான். பருப்பு வடையை மட்டும் கெட்டியாக அரைத்து, மெல்லியதாகத் தட்டி, இருபுறமும் எண்ணெய் தடவி வைத்தால் ஓரளவு நன்றாக வரும்.

ஆனால் உங்கள் வீட்டில் சிக்கன் வறுவல், மீன் வறுவல், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், காளான் ஆகியவை அடிக்கடி உண்டு என்றால் இந்தக் கருவி பயன்படும். எண்ணெயே வேண்டாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. ஒரு கூடைக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் பிசறினால்தான் நிறமும் சுவையும் வரும். அதில் இருப்பது ஏறத்தாழ 80 கலோரிதான் என்பதால் உங்கள் கணவரின் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடிவதில்லை. ஏர் ஃபிரையரின் காற்று எந்த உயரத்திலும் 180 டிகிரிக்குச் சூடாகும் என்றாலும், கிழங்கின் உள்ளே இருக்கும் ஈரம் அந்த 94 டிகிரியைத் தாண்டாது. ஆகவே வெளிப்புறம் சிவந்து காய்ந்த பிறகும் நடுப்பகுதி நறுக்கென்று நிற்கக்கூடும். கிழங்கை விரல் நீளத்திற்கு நறுக்கி, உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, துணியில் ஈரம் போக ஒற்றியெடுத்து, அதன் பிறகு கூடையில் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கை இதற்கு எடுக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், வேகும் முன்பே கருத்துவிடும்.

இனி மின்சாரம். வாங்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது கடையை அல்ல, உங்கள் சமையலறைச் சுவரை. நான்கு லிட்டர் கருவி பெரும்பாலும் 1,400 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட்தான். துளைகள் பெரிதாக உள்ள 16 ஆம்பியர் பவர் சாக்கெட் இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, அதற்கேற்ற தடிமனான வயருடன் தனியாக இழுத்துப் போடச் சொல்லுங்கள். பழைய எஸ்டேட் குடியிருப்புகளிலும் லயன் வீடுகளிலும் இது மிகவும் முக்கியம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, பிளக் கருகும் வாடை வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. ஃபிரிட்ஜுக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசரும், விளக்குக்கான இன்வெர்ட்டரும் இந்தச் சுமையைத் தாங்காது.

மின்னழுத்தம் குறைந்தால் கருவி கெட்டுவிடுமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள் போலும். உண்மையில் அடி வாங்குவது சூடுதான். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 1,500 வாட் சுருள் ஏறத்தாழ 920 வாட் அளவுக்கே சூடு தரும். 15 நிமிட வறுவல் 20 நிமிடத்தைத் தாண்டும், மொறுமொறுப்பும் குறையும். மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊரில், பொத்தான் திரையுள்ள கருவிகளைவிடக் கையால் திருகும் குமிழ் உள்ளவற்றையே நான் பரிந்துரைப்பேன். திரையுள்ளவற்றில் பல, மின்சாரம் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அளவைப் பொறுத்தவரை, நான்கு பேருக்கு நான்கரை முதல் ஐந்து லிட்டர் வரை தேவை. பெட்டியில் அச்சிட்ட லிட்டரைவிடக் கூடையின் தரைப் பரப்பே முக்கியம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் காற்று புகாமல் அவிந்துவிடும். ஆழமான வட்டக் கூடையை விட்டு அகலமான சதுரக் கூடையைத் தேர்ந்தெடுங்கள். விலை நான்காயிரம் ரூபாயிலும் உண்டு, பத்தாயிரத்தைத் தாண்டியும் உண்டு. விலை ஏற ஏற வறுவல் அதே விகிதத்தில் சிறப்பதில்லை. பழுதானால் சர்வீஸ் உதகையிலேயே கிடைக்குமா, கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமா என்பதையும், கூடை மட்டும் தனியாக விற்பனைக்கு உண்டா என்பதையும் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். கரண்டியால் சுரண்டி முதலில் வீணாவது கூடையின் பூச்சுதான்.

கேள்வி: எங்களிடம் விசிறி உள்ள ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) இருக்கிறது. ஏர் ஃபிரையர் தனியாகத் தேவையா?
வாசகர், கொடைக்கானல்

பதில்: தேவையில்லை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஓடிஜி சூடாகப் பத்து நிமிடம் எடுக்கும், ஏர் ஃபிரையர் இரண்டு மூன்று நிமிடத்தில் தயாராகும் என்பது ஒன்றே பெரிய வேறுபாடு. வீட்டுக்கு விருந்தினர் வரும் நாளில் ஓடிஜியின் அகலமான தட்டே கைகொடுக்கும். வறுக்கும்போது தட்டுக்குப் பதில் கம்பி வலையைப் பயன்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் வாங்கும் வர்க்கி (எங்கள் ஊர்ப் பக்கத்து அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட்) இரண்டே நாளில் நமுத்துவிடுகிறது. ஏர் ஃபிரையரில் சரிசெய்ய முடியுமா? அப்பளம் சுடலாமா?
வாசகி, குன்னூர்

பதில்: வர்க்கிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 140 டிகிரியில் மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் மேலடுக்கு கருகிவிடும். அப்பளத்திற்கு எண்ணெய் தடவி 180 டிகிரியில் இரண்டு நிமிடம் வையுங்கள். விசிறிக் காற்றில் அது எழும்பிப் பறந்து மேலே உள்ள சுருளில் போய் ஒட்டிக் கருகும் என்பதால், கருவியுடன் வரும் கம்பித் தாங்கியை அதன்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். வர்க்கி சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும்; தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகு டப்பாவில் போட்டு மூடுங்கள்.