டக்டக்கோவில் தேடுவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சார், டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. பைத்தான் என்று தேடினால் பாம்பு வராமல் நிரல்மொழிதான் வருகிறது. முன்பு இப்படி இல்லையே?

முன்பு பயன்படுத்திய தேடுபொறியில் உங்கள் பழைய தேடல்களைப் பார்த்து, நீங்கள் பாம்புப் பிரியர் என்று ஊகித்திருப்பார்கள். டக்டக்கோ தேடல் வரலாற்றைச் சேர்த்து வைப்பதில்லை. உங்களை அதற்குத் தெரியாது. ஆகவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். 'பைத்தான் பாம்பு இரை' என்று மூன்று சொல் போடுங்கள். பழகிவிடும்.

வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டும் அது வருகிறதே?

வரும். இங்கே கழித்தல் குறி அந்தச் சொல்லைக் குறைக்கும், அடியோடு நீக்காது. கூட்டல் குறி அதை அதிகமாக்கும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே தொடரைத் தேடும். ஆனால் ஒன்றும் சிக்காவிட்டால் அதை ஒட்டிய முடிவுகளைக் காட்டும். எனக்கும் இது எரிச்சல்தான்.

பேங் என்கிறார்களே, அது என்ன?

இதற்காகவே நான் இங்கு தங்கிவிட்டேன்! ஆச்சரியக்குறி, அதை ஒட்டி ஒரு சுருக்கெழுத்து, பிறகு தேடும் சொல். ஆங்கில டபிள்யூ போட்டால் நேரே விக்கிப்பீடியாவுக்குள் போய்த் தேடும்; ஜி போட்டால் கூகுள். இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு, நாலைந்து மனப்பாடமானால் போதும். ஒன்று கவனியுங்கள்: பேங் போட்டுப் போன தளத்தில் அந்தத் தளத்தின் விதிதான். அங்கே டக்டக்கோவின் பாதுகாப்பு கிடையாது.

அப்படியானால் நான் தேடுவது யாருக்குமே தெரியாதா?

அப்படி நினைக்க வேண்டாம். நீங்கள் திறக்கும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், தெரியும். இணைய இணைப்புத் தருபவருக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பொதுவாகத் தெரியும். விளம்பரமும் உண்டு, ஆனால் தேடிய சொல்லை வைத்துத்தான். உங்கள் ஜாதகத்தை வைத்து அல்ல.

தமிழில் தேடினால் முடிவுகள் குறைவாக வருகின்றன. என்ன செய்யலாம்?

நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'மரத்தை', 'மரத்தில்' இரண்டும் 'மரம்'தான் என்று இயந்திரத்துக்கு எப்போதும் புரிவதில்லை. முதலில் உருபில்லாத வடிவத்தில் தேடுங்கள். அப்புறம் சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பாருங்கள்: 'மழைநீர்', 'மழை நீர்'. கலைச்சொல்லாக இருந்தால் தமிழ்ச்சொல், ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதியது, இரண்டையும் முயலுங்கள். 'மென்பொருள்' என்று ஒருவர் எழுதுவார், 'சாஃப்ட்வேர்' என்று இன்னொருவர்.

அப்படியும் கிடைக்காவிட்டால்?

வேறு கிணற்றில் இறைக்க வேண்டியதுதான். டக்டக்கோவின் வழக்கமான இணைப்புகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. அதனால் இங்கே இல்லாததைப் பிங்கில் தேடுவது அநேகமாக வீண். பிரேவ், மோஜீக் என்ற தேடுபொறிகள் இரண்டும் சொந்தமாக இணையத்தைத் துழாவி, பக்கங்களின் அட்டவணை வைத்திருப்பவை. மோஜீக் சின்னது, ஆனால் மற்றவை பின்பக்கத்தில் தள்ளிவிடும் சிறு தளங்கள் சில நேரம் அதில் முதலிலேயே வந்து நிற்கும்.