எச்டிபி வீட்ல மிருதங்கம், பாட்டு ரெக்கார்டிங்: ஃபோம் ஒட்டினா போதுமா?

கேள்வி இதான்: 4 ரூம் எச்டிபி வீடு (சிங்கப்பூர்ல அரசு வீடமைப்புக் கழகம் கட்டின அடுக்குமாடி வீடு), பையன் மிருதங்கம் கத்துக்கிறான், வீட்டுக்காரம்மா பாடுவாங்க, ஒரு பெட்ரூம சவுண்ட்ப்ரூஃப் பண்ணி ப்ராக்டிஸ், ரெக்கார்டிங் ரெண்டும் பண்ணணும், சுவத்துல ஃபோம் ஒட்டினா போதுமா?

போதாதுங்க. நான் அந்த ஃபோம்ல 380 வெள்ளிய போட்டுட்டு வந்து சொல்றேன்.

எங்க வீடு செங்காங்ல, ஒன்பதாவது மாடி. நாலு சுவத்துலயும் கருப்பு முக்கோண ஃபோம் ஒட்டி, ஊதா லைட் எல்லாம் போட்டு, பாக்கறதுக்கு யூடியூப்ல வர்ற ஸ்டூடியோ மாதிரியே இருந்துச்சு. மூணாவது நாளே கீழ் வீட்டு சீன ஆன்ட்டி கதவத் தட்டிட்டாங்க. சண்டை போடல, பாவம். "பாய், யுவர் ட்ரம் ஆ, கம் இன்சைட் மை பெட் லா"ன்னு சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே வரல, இவ்வளவு ஒட்டியும் எப்படி கேக்கும்னு, அதனால என் தம்பிய மேல உக்காந்து ஆதி தாளத்துல விடாம வாசிக்க சொல்லிட்டு நான் கீழ போய் அவங்க ரூம்லயே நின்னேன்.

வலந்தலை, அதாவது மிருதங்கத்தோட வலது பக்கத்து சத்தம், அந்த நம், தின் எல்லாம், துளி கூட கேக்கல. இடது பக்கம், தொப்பி மட்டும் தொம்... தொம்னு வருது, அதுவும் காதுக்கு வர்றத விட கால் வழியா ஏறுது. கட்டில் தலைமாட்டு மரத்துல கைய வைன்னாங்க, வச்சேன், ஒவ்வொரு தொம்முக்கும் லேசா சிலிர்க்குது. அன்னிக்குதான் மண்டைல ஏறுச்சு, சத்தம் வெளிய போகாம தடுக்கறது ஒரு வேலை, ரூமுக்குள்ள எதிரொலிய அடக்கறது வேற வேலை, நான் ரெண்டாவதுக்கான சாமான வாங்கி முதல் வேலைக்கு ஒட்டிருக்கேன்.

ஃபோம் எடையே இல்லாத பஞ்சு, காத்து புகுந்து வர்ற சாமான், அது எப்படிங்க சத்தத்த நிறுத்தும். முட்டை அட்டையும் அதே கதைதான். தடுக்கறதுக்கு கனம் வேணும். சுவரோட கனத்த ரெண்டு மடங்காக்கினா கூட கிடைக்கறது ஏறக்குறைய 6 டெசிபல்தான், காதுக்கு சத்தம் பாதியான மாதிரி தோணணும்னா 10 டெசிபலாவது குறையணும். அதுவும் காத்து வழியா போற சத்தத்துக்கு மட்டும் சொல்ற கணக்கு. மிருதங்கம் தரைல உக்காந்துருக்கு, தொப்பி அதிர்வு நேரா கான்கிரீட்ல இறங்குது, அதுக்கு சுவத்துல என்ன ஒட்டினாலும் ஒண்ணும் ஆகாது.

எனக்கு உதவினது ட்ரம்ஸ் வாசிக்கறவங்க வழக்கமா செய்யற டென்னிஸ் பந்து மேடை. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ரெண்டு, 4க்கு 3 அடி, நடுவுல பந்து உருண்டு ஓடாம இருக்க குழி வெட்டி வச்சு, மேல ஒரு கார்பெட். பந்து ஆடற கோர்ட்ல வேண்டாம்னு போட்டதக் கேட்டு வாங்கினேன், ஓசி. முதல்ல பேராசையில 30 பந்து வச்சேன், மேடை கல்லு மாதிரி இறுகிப் போச்சு, ஒரு மாத்தமும் இல்ல, அப்புறம் 12ஆ குறைச்சேன், அப்பதான் பந்து அமுங்கி வேலை செஞ்சுச்சு. மேல் பலகை சுவத்தத் தொடவே கூடாது, ஒரு விரல் இடைவெளி விடுங்க, தொட்டுச்சுன்னா அதிர்வு அந்த வழியா கிளம்பிடும். பந்து சில மாசத்துல சொங்கி ஆயிடும், மாத்தணும். மறுபடி கீழ போய் கேட்டேன், முழுசா நிக்கல, ஆனா ஆன்ட்டி டிவி போட்டுட்டா தெரியல.

அடுத்தது கதவு. ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு ஹால் லைட்ட போட்டுப் பாருங்க, கதவ சுத்தி எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரியுதோ அங்கெல்லாம் சத்தமும் போகும். சுவர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதுல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தா 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. எங்க கதவத் தட்டினா டொக்குன்னு காலியா கேக்கும், அடில விரல் நுழையற சந்து வேற. சட்டத்த சுத்தி ரப்பர் பட்டை, கீழ கதவு மூடினா இறங்கி அடைச்சுக்கற மாதிரி ஒரு சீல், கதவு மேல 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திச் செஞ்ச) பலகை ஒண்ணு. பலகை மட்டும் 15 கிலோ வரும், அதனால இன்னொரு கீல் போட்டுட்டு ஒட்டுங்க, நான் போடாம ஒட்டி கதவு தரைய உரசி டைல்ஸ்ல கோடு விழுந்தது தனிக் கதை. செலவுக்கு ஏத்த பலன் கொடுத்தது இந்தக் கதவுதான், உங்க மனைவி பாட்டுக்கு இதுவே பெரிய வித்தியாசம் காட்டும். ஜன்னல் இழுக்கற மாதிரியா இருந்தா அது எப்பவும் கசியும், ரப்பர் வச்சு அழுத்தி மூடற ஜன்னல் தேவலாம்.

ரூமுக்குள்ள இன்னொரு ரூம் கட்டலாம், அதான் முறையான வழி, ஆனா எச்டிபில ஃபால்ஸ் சீலிங் போட்டா கீழ 2.4 மீட்டர் உயரம் இருக்கணும், தரைல போடற பூச்சும் டைல்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டர தாண்டக் கூடாது, சுவரும் ஒவ்வொரு பக்கமும் உள்ள வரும், கடைசில கட்டில் போட எடம் இருக்காது. நூறு சதவீதம் சவுண்ட்ப்ரூஃப்னு கான்ட்ராக்டர் சொன்னார்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பாம் ஷெல்ட்டர்ல, அதாவது வீட்டுக்குள்ளயே இருக்கற பதுங்கு அறைல வாசிக்கலாமேன்னு எல்லாரும் சொல்வாங்க. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, நல்லாத்தான் தோணும். ஆனா அது மாடிக்கு மாடி ஒண்ணு மேல ஒண்ணா ஒரே தூணா ஏறுது, அதிர்வுக்கு லிஃப்ட் வச்ச மாதிரி. ஏர்கான் கெடையாது, கதவ மூடிட்டு பத்து நிமிஷம் உக்காந்தா சட்டை பிழிஞ்சா தண்ணி வரும், சுவர உடைக்கறது, காத்துத் துவாரத்த நிரந்தரமா அடைக்கறது எல்லாம் விதிப்படி கூடாது. விட்டுடுங்க.

ரெக்கார்டிங்குக்கு அந்த ஃபோம் கொஞ்சம் உதவும், ஒரு இஞ்ச் ஃபோம் கீச்சு சத்தத்த மட்டும்தான் தின்னும். தொப்பிக்கு அது பத்தாது, 100 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணோட நீளமே 3.4 மீட்டர். ராக்வூல் (பாறைய உருக்கி இழுத்த நார்) பலகை ரெண்டு இஞ்ச் வாங்கி, துணி சுத்தி, சுவத்துலேருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. தள்ளி நிறுத்தறது இன்னொரு காரணத்துக்கும்தான், நம்ம ஊர் ஈரத்துக்கு சுவத்தோட ஒட்டி வச்சா பின்னாடி பூஞ்சை பூத்துடும், என் ஃபோம பிச்சப்ப சுவரு கருப்பு வட்டமா இருந்துச்சு. பாடறவங்களுக்கு துணி நிறைஞ்ச அலமாரியத் திறந்து விட்டு, அதுக்கு முதுகு காட்டி நிக்க வைங்க, முன்னாடி மைக், ஒரு சாண் தூரம். மைக்க பாதி தூரத்துக்கு கிட்ட கொண்டு வந்தா குரல் 6 டெசிபல் ஏறும், ரூம் சத்தம் அப்படியே நிக்கும், காசில்லாத சவுண்ட்ப்ரூஃப் அதுதான்.

ஏர்கான் இரைச்சல் மைக்ல விழும், அதனால முதல்லயே ரூம குளிர வச்சு, அணைச்சுட்டு, பத்து பன்னெண்டு நிமிஷத்துல ஒரு டேக். மிருதங்கத்த ஏர்கான் காத்துக்கு நேரா வைக்காதீங்க, தோல் காஞ்சு சுருதி ஏறிடும், தொப்பில போட்ட ரவையும் வெடிச்சு உதிரும், பையன் பாதி பாட்டுல நிறுத்திட்டு தண்ணி தடவிக்கிட்டு இருப்பான்.

நேரம் பத்தி, ராத்திரி 10.30லேருந்து காலை 7 வரைக்கும் சத்தம் வேண்டாம்னு எச்டிபி சொல்லிட்டு இருந்துச்சு, 2022ல அக்கம்பக்கத்து சத்தம் பத்தின ஆலோசனைக் குழு அத 10லேருந்து 8ஆக்கலாம்னு பரிந்துரைச்சுச்சு. நான் 8 மணிக்கே மிருதங்கத்த உறைல போட்டுடறேன், கீழ ஆன்ட்டி சீக்கிரம் படுத்துடுவாங்க. ரெக்கார்டிங்குக்கு அமைதியா இருக்கும்னு விடியற்காலைய மட்டும் நம்பாதீங்க, 6 மணிக்கு முன்னாடியே குயில் ஆரம்பிச்சுடும், ரெண்டு புளோக் தாண்டி கத்தினாலும் மூடின ஜன்னல் வழியா தெளிவா விழும், என்கிட்ட இருக்கற மூணு நல்ல டேக்ல ரெண்டுல அதுதான் முன்வரிசைல இருக்கு. வார நாள்ல பகல் ரெண்டு மணி வாக்குல, புல்வெட்டற மிஷின் வராத நாளா பாத்து வைங்க.