மார்ச் மாதத்து ட்ரவுட்டுக்கு விடியற்காலை வேண்டாம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சின்ன வயதிலிருந்தே கொடிவேரியிலும் தடப்பள்ளி வாய்க்காலிலும் தூண்டில் போட்டுப் பழக்கம். மார்ச் இரண்டாம் வாரம் இமாசலப் பிரதேசத்தில் தீர்த்தன் ஆற்றங்கரையில் நான்கு நாள் தங்கப் போகிறோம். ஃப்ளை ராடு ஒன்று வாங்கிவிட்டேன். ட்ரவுட் மாட்ட என்ன செய்யவேண்டும்?"

நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள். ட்ரவுட் என்பது குளிர்ந்த மலையாற்று மீன். இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதைப் பிடிக்கத் தடை. மார்ச் 1 அன்று ஆறு திறக்கும். நான்கு மாதம் தூண்டிலைப் பார்க்காத மீன் என்பதால் எளிதில் கடிக்கும் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் அப்போது பனி உருகி வரும் தண்ணீர். நம் ஊர் வழக்கப்படி விடியற்காலையில் போய் நின்றால் கால் மரத்துப்போவதுதான் மிச்சம். முதல் வருடம் நான் ஆறு மணிக்கே இறங்கி, பதினோரு மணி வரை ஒரு கடி கூட இல்லாமல் நின்றேன்.

காரணம் வெப்பநிலை. ட்ரவுட் குளிர்ரத்த உயிரி. தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதன் உடம்பு மந்தமாகிவிடும், இரையைத் தேடிப் போகாது. 10 முதல் 15 டிகிரி வரை இருக்கும்போதுதான் நன்றாக மேயும். அதனால் பையில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ரீலை விட அது உதவும். மார்ச்சில் பத்தரை மணியிலிருந்து மூன்று மணி வரைதான் நல்ல நேரம். வெயில் முதலில் விழும் கரையில் தொடங்குங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். பிற்பகலில் தண்ணீர் கலங்கி, மட்டம் ஏறி, வெப்பநிலை இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தது, மீன் நிற்கும் இடம். குளிரில் அது வேகமான நீரோட்டத்தில் நின்று சக்தியை வீணாக்காது. பெரிய பாறையின் பின்புறம், மடுவின் ஆழமான அடிப்பகுதி, வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு, இங்கெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை குஞ்சுகள்தான் அதன் சாப்பாடு. ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டிய கொக்கி. மிதக்கும் ஃப்ளையை விட, அந்தக் குஞ்சுகளைப் போலக் கட்டி, மூழ்கவிடும் நிம்ஃப்தான் இப்போது வேண்டும். ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்ற இரண்டு நிம்ஃப் வகைகளையும் 12, 14, 16 கொக்கி அளவுகளில், டங்ஸ்டன் மணி வைத்ததாக வாங்குங்கள். நடுப்பகலில் மீன் மேலே வந்து வட்டம் போடுவதைக் கண்டால் மட்டும் மிதக்கும் ஃப்ளைக்கு மாறலாம். 9 அடி, 5 வெயிட் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ராடு, மிதக்கும் லைன், நுனியில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் பருமனுள்ள மெல்லிய நரம்பு போதும்.

இங்கேதான் உங்கள் வாய்க்கால் அனுபவம் கைகொடுக்கும். தக்கை போட்டு மீன் பிடித்தவருக்கு நிம்ஃப் பாதி தெரிந்த வித்தை. லீடரில், அதாவது லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பில், ஒரு சின்ன இண்டிகேட்டரைக் கட்டுங்கள். அதுதான் தக்கை. நிம்ஃபுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஓட்டத்துக்கு எதிராக, மேல்புறமாக வீசி, இண்டிகேட்டர் தண்ணீரின் வேகத்திலேயே வரும்படி விடுங்கள். அது தண்ணீரை விட வேகமாக ஓடினால் லைன் அதை இழுக்கிறது என்று அர்த்தம். இழுபடும் பூச்சியை ட்ரவுட் தொடாது. உடனே ராடு நுனியால் லைனைத் தூக்கி மேல்புறமாகப் போட்டுவிடுங்கள். பத்து வீச்சில் ஒரு தடவையாவது நிம்ஃப் தரையைத் தட்டவில்லையென்றால் எடை போதவில்லை. இண்டிகேட்டர் கெண்டைக்குத் தக்கை அமுங்குவது போல அமுங்காது. ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான். தயங்கியதும் ராடைத் தூக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். பிரவுன் ட்ரவுட் குளிர்காலத் தொடக்கத்தில் சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிடும். மார்ச்சில் குஞ்சுகள் இன்னும் அந்தக் கற்களுக்கிடையே இருக்கலாம். சுற்றிலும் கல் கருத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் கழுவிவைத்தது போல வெளிறிய சரளை தெரிந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள்.

மீன்வளத்துறையின் உரிமச் சீட்டை வாங்கிவிட்டுத்தான் இறங்கவேண்டும். அப்புறம், தீர்த்தன் போய்ச் சேரும் லார்ஜி பக்கம் அணை இருக்கிறது. 2014 ஜூன் 8 அன்று அந்த அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஹைதராபாத் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்கள். அணைக்குக் கீழே எந்த ஆற்றிலும் இறங்காதீர்கள்.

ட்ரவுட் நமக்கு அந்நியமும் இல்லை. நீலகிரியில் அவலாஞ்சியில் எச். சி. வில்சன் என்பவர் 1907இல் ட்ரவுட் பொரிப்பகம் தொடங்கினார். அங்குள்ள ஓடைத் தண்ணீர் குந்தா வழியாக நம் பவானிக்குத்தான் வருகிறது. ஆனால் அங்கே காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தூண்டில் போட முடியாது.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறதல்லவா? நிம்ஃபுக்குப் பதில் நுனியில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, களத்தில் தினமும் இருபது நிமிடம் வீசிப் பழகுங்கள். இருபது அடி நேராகப் போனால் போதும். அது கைவந்ததும் தென்னந்தோப்புக்குள் நின்று வீசிப் பாருங்கள். தீர்த்தன் கரையிலும் முதுகுக்குப் பின்னால் மரம் இருக்கும்.