யூஜினியா சார்லஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியத் தீவு நாடான டொமினிகாவின் யூஜினியா சார்லஸ் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். கணவர், தந்தை பெயரைச் சொல்லி வராத பெண் பிரதமர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய அப்பா வசதியான வணிகர்தானே? அந்தப் பணம் இல்லாமல் அவர் பிரதமராகியிருப்பாரா? இன்னொரு கரீபியத் தீவான கிரெனடா மீது அமெரிக்கா படையெடுத்தபோது அதிபர் ரீகன் பக்கத்தில் நின்றவரை எப்படிக் கொண்டாட முடிகிறது?

ச.

அன்புள்ள ச.,

பணம் உதவியது, மறுக்கவில்லை. மகளை டொராண்டோவிலும் லண்டனிலும் படிக்கவைக்க அந்த அப்பாவால் முடிந்தது. 1949இல் டொமினிகாவின் முதல் பெண் வழக்கறிஞராக அவர் ஊர் திரும்பியது அப்படித்தான். ஆனால் ஓட்டு கேட்கப் போனபோது அதே வசதி அவருக்குச் சுமையாக இருந்தது. கிராமத்து ஏழைகள் அன்று ஆட்சியிலிருந்த எட்வர்ட் லெப்ளாங்கின் தொழிலாளர் கட்சியோடு இருந்தார்கள். சார்லஸின் கட்சிக்கு தலைநகர் ரோஸோவின் மேட்டுக்குடிக் கட்சி என்றே பெயர். நீங்கள் இன்று கேட்பதை அந்த ஊர்க்காரர்கள் அன்றே கேட்டுவிட்டார்கள்.

அவரைக் கட்சி அரசியலுக்குள் இழுத்தது ஒரு சட்டம். 1968இல் எதிர்ப்புப் பத்திரிகைகளை அடக்க லெப்ளாங்க் அரசு தேசத்துரோக வெளியீடுகளுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ‘வாயை மூடு மசோதா’ என்று ஊரே அதைத் திட்டியது. அதை எதிர்த்துத் திரண்டவர்களிடமிருந்துதான் டொமினிகா சுதந்திரக் கட்சி பிறந்தது. அப்போது சார்லஸுக்கு வயது 49. அதுவரை நீதிமன்றமும், பத்திரிகைகளில் அரசை விமர்சித்து எழுதுவதுமாக இருந்தவர். 1970 தேர்தலில் தோற்றார். நியமன உறுப்பினராகத்தான் சபைக்குள் போனார். 1975இல் ரோஸோவில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். பணத்தால் வாங்கக்கூடிய பதவிக்கு இத்தனை வருடம் ஆகாது.

நாடு விடுதலை பெற்றது 1978 நவம்பரில். அடுத்த மே மாதமே, தொழிற்சங்கங்களையும் பத்திரிகைகளையும் கட்டுப்படுத்தும் மசோதாக்களை பிரதமர் பாட்ரிக் ஜானின் அரசு சபைக்குக் கொண்டுவந்தது. எதிர்த்துக் கூடிய மக்கள் மீது ராணுவம் சுட்டது, ஒருவர் இறந்தார். அரசு கவிழ்ந்தது. ஆகஸ்டில் டேவிட் புயல் வந்து வாழைத் தோட்டங்களை அழித்து, மக்களில் பெரும்பாலானோரை வீடற்றவர்களாக்கியது. 1980 ஜூலையில் 21 இடங்களில் 17ஐ மக்கள் சார்லஸிடம் கொடுத்தார்கள். ஆங்கிலம் பேசும் கரீபியத்தின் முதல் பெண் பிரதமரானபோது அவருக்கு வயது 61. அந்தப் பன்னிரண்டு வருடங்கள்தான் எனக்கு முக்கியம். ஒரு பத்திரிகைச் சட்டத்துக்காகத் தெருவுக்கு வந்தவர், தோற்ற பிறகும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

கிரெனடா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். சார்லஸின் பயம் எனக்குப் புரிகிறது. 1981இல் அவர் ஆட்சியைக் கவிழ்க்கவே இரண்டு முயற்சிகள் நடந்தன. ஒன்றில் அமெரிக்க வெள்ளை இனவெறியர்கள் கூலிப்படையாகக் கிளம்பி, நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பிடிபட்டார்கள். 1983 அக்டோபர் 19 அன்று கிரெனடாவின் பிரதமர் மாரிஸ் பிஷப் சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்கப் படையைக் கூப்பிட்ட கிழக்குக் கரீபிய நாடுகள் அமைப்புக்கு அப்போது தலைமையில் இருந்தவர் சார்லஸ். ஆனாலும் ஒரு சிறிய தீவின் பிரதமர், இன்னொரு சிறிய தீவுக்குள் வல்லரசின் படையைக் கூப்பிட்டது தவறு என்றே நினைக்கிறேன். ஐ.நா. பொதுச்சபையில் 108 நாடுகள் அந்தப் படையெடுப்புக்கு எதிராக வாக்களித்தன. அன்று நான் அங்கே இருந்திருந்தால் அந்த 108இல்தான் சேர்ந்திருப்பேன்.