பன்றிகளுக்குக் கொடுத்த மருந்து மனிதரின் கிருமிகளிடம் ஏன் தோற்கிறது?

இந்தக் கேள்விக்கு, சீனாவில் கண்டறியப்பட்டு 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்ட எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைவிட, அதாவது பன்றித் தீவனத்தில் கலக்கப்பட்ட கோலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பாக்டீரியா எதிர்க்க உதவும் மரபணுவைவிடத், தெளிவான விடை இல்லை என்பது என் கருத்து.

மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் நேர்மின்னேற்றம் கொண்டது, ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்பிட் ஏ என்ற கொழுப்புப்பொருள் எதிர்மின்னேற்றம் கொண்டது. அந்த ஈர்ப்பால்தான் மருந்து சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கிறது. எம்.சி.ஆர்-1 உருவாக்கும் நொதியோ, லிப்பிட் ஏ-யின் மீது பாஸ்போஎத்தனாலமைன் என்னும் சிறு மூலக்கூறைப் பொருத்தி அந்த மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவதால், மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

அதுவரை அறியப்பட்டிருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ-வான குரோமோசோமில் நேரும் திடீர்மாற்றங்களால் வந்தது. ஆகவே பெரும்பாலும் அந்தப் பாக்டீரியாவின் வழித்தோன்றல்களோடு நின்றது. ஷாங்காய்ப் பன்றிப்பண்ணை ஒன்றில் கிடைத்த ஈ.கோலையிலோ இம்மரபணு பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ வளையத்தில் அமர்ந்திருந்தது. அவ்வளையம் நகலெடுக்கப்பட்டு, அருகிலுள்ள வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கடந்து செல்லக்கூடியது. கவலைக்குரியது இதுவே. ஆய்வில் 804 விலங்கு மாதிரிகளில் 166-லும், 1,322 நோயாளி மாதிரிகளில் 16-லும் அது காணப்பட்டது.

கால்நடைகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியபின், பன்றிகளில் இம்மரபணு காணப்படும் அளவு வெகுவாகக் குறைந்தது. இந்தியா 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது.