பெடிக்ரீ பேப்பர் கையில இருந்தா முயல் ரிஜிஸ்டர் ஆன மாதிரியா?

அமெரிக்காவுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: ஹாலண்ட் லாப்ங்கிற சின்ன இனத்துல ஒரு பெட்டை முயல் வாங்கினேன், அதுக்கு இப்போ ஏழு மாசம் வயசு, பெடிக்ரீ பேப்பர் குடுத்தாங்க, அப்போ ரிஜிஸ்டர் ஆனதுதானே, முயல் ஷோவுக்கு கொண்டு போகலாமா, குட்டி எடுக்கலாமா?

ரிஜிஸ்டர் இன்னும் ஆகலைங்க. பெடிக்ரீங்கிறது வித்தவங்க எழுதிக் குடுக்கிற வம்சாவளி, அவ்வளவுதான். ரிஜிஸ்ட்ரேஷன்னா அமெரிக்கன் ராபிட் பிரீடர்ஸ் அசோசியேஷன், அதாவது ஏ.ஆர்.பி.ஏ, லைசென்ஸ் குடுத்த ரிஜிஸ்ட்ரார் ஒருத்தர் உங்க முயலையே கையில எடுத்துப் பார்த்து பாஸ் பண்ணணும். அதுக்கு முயலுக்கு குறைஞ்சது 6 மாசம் ஆகியிருக்கணும், நீங்க மெம்பரா இருக்கணும், பெடிக்ரீயில மூணு தலைமுறை முழுசா இருக்கணும். அம்மா அப்பால இருந்து கொள்ளுத் தாத்தா பாட்டி வரைக்கும் மொத்தம் 14 முயல், ஒவ்வொண்ணுக்கும் பேரோ காது நம்பரோ, கலர், எடை எல்லாம் வேணும். நீங்க அனுப்பின பெடிக்ரீ போட்டோவுல கொள்ளுப் பாட்டிங்க ரெண்டு பேருக்கு எடை காலியா இருக்கு பாருங்க, அப்படியே கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. வித்தவங்ககிட்ட இன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, பழைய ரெக்கார்ட் நாளாக ஆக கிடைக்கிறது கஷ்டம்.

ரிஜிஸ்ட்ரார் முயலை மல்லாக்கப் புரட்டி, உதட்டை விலக்கி மேல்பல்லு கீழ்ப்பல்லுக்கு முன்னால சரியா உட்காருதான்னு பார்ப்பார், அப்புறம் நகத்தை ஒண்ணு ஒண்ணா பார்ப்பார், முழுக் கலர் முயல்ல ஒரே ஒரு வெள்ளை நகம் இருந்தாலும் போச்சு. மூக்கு ஒழுகக் கூடாது, காதுல பூச்சி இருக்கக் கூடாது. ஹாலண்ட் லாப் 4 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதனால முதல்ல வீட்லயே எடை போட்டுப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா வலது காதுல ரிஜிஸ்ட்ரேஷன் முத்திரையை பச்சை குத்துவார், அந்தக் காதுல நீங்க எதுவும் குத்திடாதீங்க.

ஷோவுக்கு ரிஜிஸ்ட்ரேஷனே வேண்டாம்! இடது காதுல அழியாத நம்பர் குத்தியிருந்தா போதும், ஆனா தெளிவா படிக்கணும், காதை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, மங்கலா இருந்தா ஷோவுக்கு முன்னாடியே திரும்ப குத்திடுங்க. கிராண்ட் சாம்பியன் பட்டம் வேணும்னாத்தான் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், கூடவே மூணு லெக், அதாவது ஷோவுல ஜெயிச்சதுக்குக் குடுக்கிற சான்று, ஜெயிக்கணும், அதுவும் குறைஞ்சது ரெண்டு வேற வேற ஜட்ஜுங்ககிட்ட.

குட்டி எடுக்கவும் ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை. ஆனா அம்மா அப்பா ரெண்டும் ரிஜிஸ்டர் ஆகியிருந்தா, நாளைக்கு குட்டியை ரிஜிஸ்டர் பண்ணும்போது அதோட சர்டிபிகேட்ல சிவப்பு சீல் வரும், வாங்க வர்றவங்க அதைக் கவனிப்பாங்க. ஒருவேளை உங்க முயல் 4 பவுண்டைத் தாண்டிடுச்சுன்னா மனசு விட்டுடாதீங்க, ஷோ டேபிளுக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும்தான் அது ஆகாது, கொஞ்சம் பெரிய உடம்பு பெட்டைதான் சிரமமில்லாம குட்டி போடும்னு இந்த இனம் வளர்க்கிற நிறைய பேர் அந்த மாதிரி பெட்டையைத் தேடி வச்சுக்கிறாங்க.